கறுப்பு மை இல்லாத புத்தகம்

பழைய சிறுவர் புத்தகங்களின் வாசனையைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். புத்தகத்தை நடுவில் விரித்து, மூக்கை உள்ளே வைத்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். அது மரக்கூழ்க் காகிதம் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிற வாசனை. ஈப்போவில் ஓர் அச்சகத்துக்குள் பாவாடை கட்டிய பெண்ணாகப் போய், தலை நரைத்து வெளியே வந்தவள் நான். அந்தக் காகிதம் புதிதாக இருந்தபோது நனைந்த அட்டைப்பெட்டி மாதிரிதான் நாறும். இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யாரும் பார்க்காத நேரத்தில் நானும் மோந்து பார்ப்பது உண்டு.

என்னை இதை எழுத வைத்தவன் ரூபன். கம்ப்யூட்டரில் புத்தக அட்டை வரைகிற பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டவுனில் போடுகிற பழஞ்சாமான் சந்தையில், எழுபது எண்பதுகளில் நம் ஊரில் அச்சான தமிழ்ச் சிறுவர் புத்தகங்களைத் தேடி அலைவான். நான் அங்கே வேலை பார்த்தவள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"ஆன்ட்டி, இந்த புக்குங்கள்ல ரெண்டு பக்கம் கலரு, அடுத்த ரெண்டு பக்கம் கறுப்பு வெள்ளை. ஏன் அப்படி லா? மை தீர்ந்து போச்சா?"

"மை தீரல. பொறுமை தீர்ந்து போச்சு" என்றேன்.

அவன் இன்னொன்றும் கேட்டான். காம்பாரில் ஒரு நண்பன் வீட்டில் ஒரு புத்தகம் பார்த்தானாம். வாத்துக்குஞ்சைத் தேடிப் போகிற ஒரு சிறுமியின் கதை. அதில் மட்டும் கறுப்பே இல்லையாம். எழுத்து, கோடு எல்லாம் பிரவுன். "அது மட்டும் ஏன் ஆன்ட்டி?" என்றான். நான் பேச்சை மாற்றி அவனுக்கு இன்னொரு கப் கோப்பி ஊற்றினேன். அந்தப் பேச்சு வாயால் சொல்லி முடிகிற பேச்சில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஒரு பெரிய தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கம், மறுமுகத்தில் எட்டுப் பக்கம் அச்சாகும். பிறகு மடித்து வெட்டினால் பதினாறு பக்கப் புத்தகம். எங்கள் மெஷின் ஒரு தடவைக்கு ஒரு மைதான் போடும். கலர் படம் வேண்டுமென்றால் மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு என்று அதே தாள் நான்கு தடவை மெஷினுக்குள் போய்வர வேண்டும். ஒவ்வொரு மையும் காய வேண்டும். இரண்டு முகத்துக்கும் அப்படிச் செய்ய யாருக்குப் பொறுமை? ஆகவே ஒரு முகத்துக்கு நான்கு மை, மறுமுகத்துக்குக் கறுப்பு மட்டும். மடித்ததும் இரண்டு பக்கம் கலர், இரண்டு பக்கம் கறுப்பு என்று மாறி மாறி வரும்.

பிள்ளைகள் இதைக் குறையாகவே நினைக்கவில்லை. கறுப்புப் பக்கம் தங்களுக்காக விட்டுவைத்த பக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கிரேயான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் காகிதம் சொரசொரப்பு, மெழுகு நன்றாகப் பிடிக்கும். வானத்துக்கு நீலம், புல்லுக்குப் பச்சை. முகத்துக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே குச்சியைத்தான் எடுப்பார்கள். ரோஸும் மஞ்சளும் கலந்த மாதிரி வெளிர் நிறம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'உடம்புக் கலர்'. என் தம்பியும் அப்படித்தான் சொல்வான். அவன் உடம்போ நல்ல புளியங்கொட்டை நிறம்.

என் அப்பாவும் அம்மாவும் கோப்பெங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கித்தா மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு, பஸ் ஏறி ஈப்போவுக்கு வேலை தேடி வந்தேன். முதலில் புத்தகம் கட்டி அடுக்கும் வேலை. பிறகு, கை நடுங்காத பெண் என்று யாரோ சொன்னதால், கலர் பிரிக்கிற அறைக்கு மாற்றினார்கள். அந்த அறைக்குப் பெரியவர் லாவ் சூக் என்ற சீனர்.

'சூக்' என்றால் கண்டனீஸில் சித்தப்பா. தவுக்கே, அதான் முதலாளி, அவரைத் தவிர எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைப் பனியன். தமிழ் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்த வட்டாரத்தில் அச்சான தமிழ்ச் சிறுவர் புத்தகங்களில் பாதி அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போனது. மலாய், கண்டனீஸ், தோட்டத்துத் தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். என்னை 'அமோய்' என்பார், சீனர்கள் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது மாதிரி.

அவருக்கு ஒரு பழக்கம். பிழை கண்டால் வாயைத் திறக்க மாட்டார். சட்டைப் பைக்குப் பதில் காதில் பென்சில், கழுத்தில் கயிறு கட்டிய ஒரு சின்னப் பூதக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கழற்றி, பிழை இருக்கும் இடத்தின் மேல் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். நாம் போய்க் குனிந்து அதற்குள் பார்க்க வேண்டும். கத்தி ஒரு மயிரிழை தள்ளிப் போயிருக்கும். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். அந்தக் கண்ணாடி என் மேசைமேல் உட்கார்ந்திருப்பதைத் தூரத்தில் பார்த்தாலே என் நடை தானாக மெதுவாகிவிடும்.

வேலை இதுதான். ஓவியர் கறுப்புக் கோட்டில் படம் வரைந்து தருவார். அதை ஃபிலிமில் எடுத்து, கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் வைப்போம். அதன்மேல் சிவப்பு ஃபிலிம் ஒன்றை ஒட்டி, மஞ்சள் வரவேண்டிய இடங்களை மட்டும் கத்தியால் கீறி உரித்தெடுக்க வேண்டும். பிறகு சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. வெளிர் நிறம் வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக அச்சடித்த தாளை நடுவில் வைப்போம். மூலையில் இருக்கும் பிளஸ் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் படம் படமாக வரும். இல்லாவிட்டால் பிள்ளையின் உதடு கன்னத்துக்குப் போய்விடும்.

முகத்துக்கு லாவ் சூக் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. கொஞ்சம் மஞ்சள் புள்ளி, கொஞ்சம் சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான். சீனப் புத்தகமோ மலாய்ப் புத்தகமோ தமிழ்ப் புத்தகமோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே ரோஸ் முகம். நானும் ஆண்டுக்கணக்காக அப்படியே கீறினேன். ஏன் என்று கேட்கத் தோன்றியதில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஃபிலிமுக்கு இரண்டு முகம் உண்டு. மாற்றி வைத்துவிட்டால் படம் இடவலம் மாறி அச்சாகும். எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். படம் மட்டும் இருக்கிற பக்கத்தில் யாருக்குத் தெரியும்? ஒரு முறை ரப்பர் மரம் வெட்டுகிற படம் ஒன்று அப்படி மாறி அச்சாகிவிட்டது. கெட்டுப்போன தாள்களை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிப் பலகையில் விரிப்பது வழக்கம். அம்மா அன்றைக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது எந்தக் கிறுக்கன் வெட்டுன மரம்? வெட்டு எடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ எறங்கணும். இவன் மாத்தி எறக்கி வச்சிருக்கான். கங்காணி பார்த்தா இவன் பொழப்பு போச்சு."

மறுநாள் லாவ் சூக்கிடம் சொன்னேன். அவர் அந்தத் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். அதற்குள் புத்தகம் கடைக்குப் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து தோட்டப் படம் எது வந்தாலும் முதல் அச்சுத் தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிடுவார். "பாவா பாலிக் லா. வீட்டுக்குக் கொண்டு போ. அம்மா பார்க்கட்டும்." அம்மா அதற்குப் பிறகு அச்சகத்தில் வேலை பார்க்கிற மாதிரியே நடந்துகொண்டார்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன்.

மாசிலாமணி அண்ணன் செமோர்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் கடைப் பலகைகளும் சினிமாத் தட்டிகளும் எழுதிப் பிழைத்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். பிரஷ் பிடித்தால் ஒரே இழுப்பில் ஒரு மாட்டை வரைந்துவிடுவார். அவருடைய மகள் எஸ்தர் அப்போது முதல் வகுப்பு முடித்து இரண்டாம் வகுப்பில் இருந்தாள். கன்னங்கறுப்பு. பெரிய கண். யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவாள்.

அந்த வருடம் பள்ளி நாடகத்தில் எஸ்தருக்குக் காக்கா வேஷம் கொடுத்துவிட்டார்கள். இளவரசி வேஷம் கேட்டவளுக்குக் காக்கா. கூடப் படிக்கிற பிள்ளைகள், வேஷம்கூடப் போட வேண்டாம் அப்படியே வா என்று சொல்லியிருக்கிறார்கள். எஸ்தர் அழவில்லையாம். வீட்டுக்கு வந்து, தன் கதைப் புத்தகங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் தன் கையை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறாள். பிறகு அத்தனையையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"அதுல இருந்து புக்கைத் தொட மாட்டேங்கிறா தங்கச்சி" என்றார் மாசிலாமணி அண்ணன். "வாசிக்கிற புள்ள. அதான் சொல்லிட்டேன், உன்னையே கதாநாயகியா வச்சு அப்பா ஒரு புக்கு போடுறேன், உன் மஞ்சக் கவுனோடன்னு."

அவரே கதை எழுதி, அவரே படம் வரைந்தார். காணாமல் போன வாத்துக்குஞ்சைத் தேடி மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி தோட்டம் முழுக்க அலைகிறாள். லயத்து வீடுகள், ஸ்டோர், ரப்பர் பால் பிடிக்கிற மங்கைக் கவிழ்த்து வைத்த மரங்கள், எல்லாம் அதில் உண்டு. நடுவில் ஒரு பக்கம் முழுக்க அவள் மட்டும், குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்பாள். எஸ்தரே நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு தோட்டப் பள்ளியின் பெற்றோர் சங்கம் புத்தகத்தை அச்சிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன்வந்தது. எந்தப் பக்கம் கலர், எந்தப் பக்கம் கறுப்பு என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெரிய படம் சரியாகக் கலர் பக்கத்தில் விழுகிற மாதிரி அண்ணன் கணக்குப் போட்டிருந்தார்.

கலர் பக்கங்களின் முதல் அச்சைப் பார்க்க எஸ்தரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளை, மேசை எட்டாமல் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள். மஞ்சள் கவுன் அற்புதமாக வந்திருந்தது. முகம் எங்கள் வழக்கப்படி ரோஸ்.

"அப்பா, இது யாரு?"

"நீதான்மா."

"இல்ல" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். "கவுனுதான் என்னோடது."

நாற்காலியிலிருந்து இறங்கிப் போய் வாசலில் நின்றுகொண்டாள். மாசிலாமணி அண்ணன் தாளைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார். அந்த முகத்தைக் கீறியது என் கத்தி.

லாவ் சூக்கிடம் போய், முகத்துக்குப் பிரவுன் போடலாமா என்று கேட்டேன். அவர் தன் அலமாரிக் கதவைத் திறந்தார். உள்பக்கத்தில் ஒரு பழைய தாள் ஒட்டியிருந்தது. நான் வருவதற்கு முன்னால் அவர் முயன்று பார்த்த படம். பிரவுன் வேண்டுமென்றால் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்று புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும். எங்கள் பழைய மெஷினில் தாள் கொஞ்சம் அசையும், சொரசொரப்புக் காகிதம் மையைக் குடிக்கும். அந்தத் தாளில் இருந்த பிள்ளைகளின் முகத்தில் திட்டுத் திட்டாக அழுக்கு. ஒரு பிள்ளைக்குக் காதோரம் சிவப்புக் கோடு, அடிபட்ட மாதிரி.

"மூணு மை சேர்ந்தா லும்பூர் லா, அமோய். சேறு. கஸ்டமர் எல்லாம் திருப்பி அனுப்பிட்டான். புள்ள முகம் அழுக்கா இருந்தா, அது இன்னும் பாவம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இவ்வளவு நாள் அந்தச் சட்டத்தை நான் வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அதற்குப் பின்னால் ஒரு தோல்வி இருந்திருக்கிறது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்து வந்தது வாழ்த்துரை.

நம் ஆட்கள் புத்தகம் போட்டால் வாழ்த்துரை இல்லாமல் போட மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வாத்துக்குஞ்சுக் கதைக்கும் வேண்டும். பெற்றோர் சங்கத் தலைவர், மீசையை முறுக்கிய ஒரு படத்தோடும் ஒரு பக்க வாழ்த்தோடும் வந்து நின்றார். எல்லாப் பக்கமும் ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்றோம்.

"கடைசிப் பக்கத்துல ஏதோ புதிர் இருக்கே, அதைத் தூக்கிடுங்க தங்கச்சி. வாழ்த்து முன்னுக்கு வரணும். புக்கைத் தெறந்தா மொத அதுதான் தெரியணும்."

அட்டையின் உள்பக்கத்தில் போடலாமே என்று மாசிலாமணி அண்ணன் கெஞ்சினார். "அட்டையில போட்டா யார் பார்ப்பா? உள்ளுக்குத்தான் மருவாதி" என்று தலைவர் கிளம்பிவிட்டார். அச்சிடுவது அவர்கள் சங்கம். மேலே பேச முடியவில்லை.

முன்னால் ஒரு பக்கம் நுழைந்தால் பின்னால் இருக்கிற எல்லாப் பக்கமும் ஒரு படி தள்ளிப்போகும். பெரிய தாளில் பென்சிலால் பக்கங்களை மறுபடி எழுதினேன். எஸ்தர் நிற்கிற அந்தப் பெரிய படம் தாளின் கறுப்பு முகத்தில் போய் விழுந்தது. இனி மஞ்சள் கவுனும் இல்லை. கறுப்புக் கோட்டுக்குள் வெள்ளைக் காகிதமாக ஒரு பிள்ளை.

மாசிலாமணி அண்ணனிடம் சொன்னபோது அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அவகிட்ட மொகம்தான் மாறிப்போச்சு, கவுனாவது உன்னோடதுன்னு சொல்லி வச்சிருந்தேன். இப்ப என்னத்தச் சொல்றது?" என்றார். தட்டி எழுதி எழுதிக் காய்த்துப்போன கை அவருக்கு. அந்தக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் மெஷின் கழுவுகிற நேரம். வாரத்தில் ஒருநாள்தான் உருளைகளில் இருக்கும் மையை எல்லாம் மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாகத் துடைப்பார்கள். மற்ற நாளில் தவுக்கே விட மாட்டார், நேரம் போய்விடும் என்பார். லாவ் சூக்கும் நானும் துணியோடு நின்றிருந்தோம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நல்லதாப் போச்சு சூக். இப்ப அந்தப் படம் இருக்கிற பக்கத்துல ஒரே மைதான். சேறும் ஆகாது, ஒன்னும் ஆகாது. மொகமே இல்லாம வெள்ளையா நிக்கப் போறா."

அவர் துடைப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி துடைத்தார். கை கழுவிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். சரி, நம் புலம்பலைக் கேட்டு அலுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

திரும்பும்போது பார்க்கிறேன், மை அடுக்கி வைக்கிற பலகையில் கறுப்பு மை டின்னின் மூடிமேல் அவருடைய பூதக்கண்ணாடி உட்கார்ந்திருந்தது.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. டின்னின் மூடிமேல் என்ன பிழை இருக்க முடியும் என்று மக்கு மாதிரி குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தேன். மூடியைத் தவிர ஒன்றும் இல்லை. பிறகுதான் புரிந்தது. பிழை டின்னுக்குள் இருந்தது. ஒரே மை போடுகிற பக்கம்தான். அந்த ஒரு மை கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

லாவ் சூக் தேத்தண்ணிக் கிளாசோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ரெண்டு பக்கமும்" என்றார். "கலர் பக்கத்துலயும் கறுப்பு வேணாம். கோடு, எழுத்து, முகம் எல்லாம் ஒரே பிரவுன். முகத்துல மஞ்சள் சிவப்பு எல்லாம் எடுத்துடு."

அப்படிச் செய்தால் முகத்தில் ஒரு மைதான் விழும். கோடு முழு மையில், தோல் அதே மையின் புள்ளியில். தாள் அசைந்தாலும் முகம் அழுக்காகாது. இவ்வளவு எளிய ஒன்று இத்தனை வருடம் எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. தலைவரின் வாழ்த்துரை வந்து தள்ளிவிட்டிருக்காவிட்டால் எட்டியிருக்கவே போவதில்லை. அந்த மனிதருக்கு நான் மனதுக்குள் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறேன்.

மெஷின் சுத்தமாக இருக்கிறதே, திங்கட்கிழமை முதல் வேலையாக இந்தப் புத்தகத்தை எடுத்துவிடலாம் என்று லாவ் சூக் தவுக்கேயிடம் சாமர்த்தியமாகப் பேசி வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து எல்லா முகங்களையும் கைகளையும் கால்களையும் மறுபடி கீறினேன்.

திங்கட்கிழமை காலை லாவ் சூக் பளிங்குப் பலகையில் மை குழைத்தார். சிவப்பு, மஞ்சள், அதில் துளிக் கறுப்பு. கரண்டி மாதிரித் தட்டையான கத்தியால் இழுத்து இழுத்து மடித்தார். விரல் நுனியில் தொட்டுக் காகிதத்தில் மெல்லத் தட்டினால், அச்சில் புள்ளியாக விழும்போது எப்படித் தெரியும் என்பது தெரிந்துவிடும்.

"அமோய், கை காட்டு."

காட்டினேன். காகிதத்தை என் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சிவப்பு. மறுபடி தட்டினார். என் கையும் காகிதமும் ஒன்றாகிவிட்டன. என் நிறத்தை அதற்குமுன் யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"சரியா இருக்கு சூக்" என்றேன்.

"சரி இல்ல" என்றார். "இது உன் கை. புக்கு உன்னோடது இல்ல. அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வரச் சொல்லு."

தவுக்கேயின் ஃபோனில் மாசிலாமணி அண்ணன் வேலை செய்கிற கடைக்குச் சொல்லி அனுப்பினேன். பள்ளி விட்டதும் எஸ்தர் வந்தாள். அதுவரை மெஷினை ஓட விடாமல், உருளை சரியில்லை, தாள் ஈரம் என்று லாவ் சூக் தவுக்கேயிடம் வரிசையாகப் பொய் சொன்னார். அவர் பொய் சொல்லி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எஸ்தரை அந்த நாற்காலியில் ஏற்றி நிறுத்தினோம். லாவ் சூக் அவள் கையைக் கேட்டார். அவள் முதலில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"உன் கலர் எனக்குத் தெரியல. பார்த்துதான் செய்ய முடியும்" என்றார் லாவ் சூக், தோட்டத்துத் தமிழில், பெரிய மனுஷியிடம் பேசுகிற மாதிரி.

எஸ்தர் யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் கறுப்பை ஊசி முனையால் எடுப்பதுபோல எடுத்துச் சேர்த்தார். குழைத்தார், தட்டினார், அவள் மணிக்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். தலையை ஆட்டி, ஒரு பொட்டுச் சிவப்பு. மறுபடி. எஸ்தரும் குனிந்து பார்த்தாள். ஒரு தடவை அவளே, "இன்னும் கொஞ்சம் கறுப்பு போடுங்க" என்றாள். லாவ் சூக் மறுபேச்சுப் பேசாமல் போட்டார். மாசிலாமணி அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த மை போதுமான அளவு ஒரே தடவையில் குழைத்தாக வேண்டும். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது. தோள் வலிக்க வலிக்க அவர் குழைத்தார். மெஷின் ஓடியது. கறுப்பு மைக்கென்று வைத்திருந்த முகத்தின் முதல் தாள் வெளியே வந்தது. நடுவில் வாத்துக்குஞ்சை ஏந்திக்கொண்டு அவள் நின்றாள். கவுன் வெறும் காகிதமாக வெள்ளை. முகம், கை, கால் எல்லாம் எஸ்தர்.

எஸ்தர் தாளின் மேல் குனிந்தாள். பிறகு தன் கையைத் தாளின் பக்கத்தில் வைத்தாள், கட்டிலுக்கு அடியில் தள்ளிய புத்தகங்களில் வைத்துப் பார்த்த அதே மாதிரி.

"இது நான்" என்றாள்.

"கவுனு வெள்ளையா இருக்கேம்மா" என்றார் அவள் அப்பா.

"அதை நான் அடிச்சுக்கிறேன்பா. எங்கிட்ட மஞ்சக் குச்சி இருக்கு."

தலைவருக்கு என்ன சொல்வது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் படமும் பிரவுனில்தானே அச்சாகியிருந்தது. வந்து பார்த்தார், மீசையைத் தடவினார், "பழைய காலத்து ஜமீன் படம் மாதிரி இருக்கு" என்று மகிழ்ந்து போனார். ஏன் பிரவுன் என்று கேட்கவே இல்லை.

அந்தப் புத்தகம் மறுபதிப்புப் போகவில்லை. விருது எதுவும் வாங்கவில்லை. லாவ் சூக் அலமாரிக் கதவில் இருந்த அழுக்கு முகத் தாளைக் கிழித்துவிட்டு இந்தத் தாளை ஒட்டினார். எண்பதுகளில் பெரிய மெஷின் வந்தது, நான்கு மையும் ஒரே ஓட்டத்தில், எல்லாப் பக்கமும் கலர். கம்ப்யூட்டரும் வந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கண்ணாடி மேசையில் குனிந்து குனிந்து என் முதுகு போனதுதான் மிச்சம். லாவ் சூக் ஓய்வு பெற்று, சில வருடங்களில் காலமானார். அவருடைய பூதக்கண்ணாடியை அவர் மகன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். எஸ்தர் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. புத்தகம் வாசிக்காத பிள்ளைகளைக் கண்டால் விட மாட்டாள் என்று கேள்வி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன வாரம் ரூபன் மறுபடி வந்தான். நான் பிரவுன் புத்தகத்தைப் பற்றிய பேச்சை மாற்றியதால் அவனுக்கு ஆர்வம் அதிகமாகிவிட்டது. காம்பாரில் ஒன்று, செமோரில் ஒன்று, சந்தையில் இரண்டு என்று தேடிப் பிடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"சாரி ஆன்ட்டி. எல்லாத்துலயும் புள்ளைங்க கிரேயான்ல கிறுக்கி வச்சிருக்குங்க. கிறுக்காத காப்பி ஒன்னு தேடித் தாரேன்."

நான் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை ஒவ்வொரு புத்தகமாக விரித்தேன். ஒரு பிள்ளை கவுனுக்கு மஞ்சள் அடித்திருந்தது. ஒன்று சிவப்பு. ஒன்று பச்சையில் பெரிய பெரிய பூப் போட்டிருந்தது. இன்னொன்று கவுனை விட்டு வெளியே போய் வானம் வரை ஊதா. பிரவுனாக அச்சாகியிருந்த மரத்தின்மேல்கூட மறுபடி பிரவுன் தேய்த்திருந்தார்கள். முன்பக்கத்தில் தலைவரின் மீசைக்குப் பச்சை, கன்னத்துக்கு அந்த 'உடம்புக் கலர்'.

எஸ்தரின் முகத்தில் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தேன். நான்கு புத்தகத்திலும் பார்த்தேன். லாவ் சூக் குழைத்த நிறம் அப்படியே இருந்தது. ஒரு பிள்ளையும் அதன்மேல் எதையும் பூசவில்லை.

"வேற காப்பி வேணாம்" என்றேன் ரூபனிடம். "இந்த நாலையும் இங்கேயே வச்சுட்டுப் போ. நாளைக்கு எஸ்தரைக் கூப்பிடணும்."